வேண்டாம் என்று சொன்ன அப்பா

11 பிப்ரவரி 1953, இரவு

அன்புள்ள ஸுல்மா அக்காவுக்கு,

இந்தக் கடிதம் மடத்துத் தாயார் கண்ணில் படாமல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எழுதுவதை அவர் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். இதை என் வகுப்பு பவுலா எடுத்துப் போகிறாள். அவள் வீட்டிலிருந்து வந்து படிக்கிறவள். நீயும் இனி அவள் அம்மாவின் ரொட்டிக் கடைக்கே எழுது.

இங்கே ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் திரை உண்டு. மந்திரித்துக் கொடுத்த மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து எழுதுகிறேன். அது சாகப்போகிறவர்களின் தலைமாட்டில் ஏற்றுவதற்கு என்று கொடுத்தது. என்னிடம் வேறு வெளிச்சம் இல்லை. யாராவது இருமினால்கூட ஊதி அணைத்துவிடுகிறேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

அப்பா இனி எழுந்திருக்க மாட்டார் என்று நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். தாயார் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "ஜெபம் பண்ணு" என்றார்.

கடல் உள்ளே புகுந்து ஒல்லாந்தில் அத்தனை பேர் செத்தார்களே, அவர்களுக்காக இங்கே ஜெபமாலை சொன்னோம். அப்போது மார்த் என்கிற பெண், "சிஸ்டர், அவங்கள்ல நெறயப் பேரு புராட்டஸ்டண்டாமே, அவங்க எங்க போவாங்க?" என்று கேட்டாள். சிஸ்டர் அமல்பெர்கா, "அவங்களும் ஞானஸ்நானம் வாங்கினவங்கதானே. தப்புன்னு தெரியாமயே அதுல இருந்திருந்தா கடவுள் பாத்துக்குவார்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஞானஸ்நானமே வாங்காதவங்க, சிஸ்டர்?" என்றேன்.

"தெரியாமலா, தெரிஞ்சே வேண்டாம்னு திரும்பிக்கிட்டவங்களா?"

"தெரிஞ்சே."

"அவங்க கதவ அவங்களே சாத்திக்கிறாங்க. அப்புறம் அது தொறக்காது."

வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பா யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அக்கா, அப்பா தலையில் இதுவரை ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதே இல்லை. உனக்கும் இல்லை. அம்மா என்னை மட்டும்தான் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் இன்னும் நேரம் இருக்கிறது. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சிஸ்டர் ஒரு பொம்மையையும் தொட்டியையும் வைத்து எங்களைப் பழக்கியிருக்கிறார். குழாய்த் தண்ணீரே போதும். நெற்றியில் மூன்று முறை ஓடவிட்டு, "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே நான் உமக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் நம்பாதவராக இருந்தாலும் செல்லும். திருச்சபை நினைக்கிறதை நினைத்துச் செய்தால் போதும். ஆகவே நீயே செய்யலாம்.

நான் பின்னிய கம்பளிச் சால்வை வந்து சேர்ந்திருக்கும். அதை அவர் தோளிலிருந்து எடுக்காதே. பங்குச் சாமியாருக்கும் எழுதியிருக்கிறேன். கோபப்படாதே.

உன் தங்கை,
லுட்கார்ட்

*

கென்ட், 16 பிப்ரவரி

லுட்கார்ட்,

உன் சாமியார் வந்தார். மாடியேறி வந்ததில் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்பா கட்டிலிலிருந்தே, "உக்காருங்க சாமியாரே. எனக்கும் இந்த மாடிப்படியிலதான் ஆரம்பிச்சது" என்றார். "சின்னவ எழுதினாளா? நல்ல புள்ள. மோர்க்கஞ்சி இருக்கு, குடிக்கிறீங்களா?"

"ஒக்டாவ், உங்களுக்குக் காலம் ரொம்ப இல்ல."

"அதான் சொல்றேன், நல்ல பேச்சாப் பேசுவோம்."

அதற்குப் பிறகும் சாமியார் பையைத் திறக்கப் போனார். நான் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். படிக்கட்டு நெடுக ஒவ்வொரு வீட்டுக் கதவும் கொஞ்சம் திறந்திருந்தது. கீழ்வீட்டுக்காரி, "என்ன ஸுல்மா, அப்பா மனசு மாறிட்டாராக்கும்?" என்றாள். "இல்ல, சாமியார் மனசு மாறி எறங்குறார்" என்றேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகைக்கு நீதான் காரணம்.

அம்மா சாகும்போது அப்பா கையைப் பிடித்து, "சின்னவள மடத்துல படிக்க வை" என்று கேட்டாள். அவர் சரி என்றார். ஆலைத் தொழிற்சங்கத்தில் எத்தனை பேர் அவரைக் கேலி செய்தார்கள் தெரியுமா? "ஒக்டாவ், உம்பொண்ணு எப்ப புனிதையாகப் போறா? படம் வந்தா நமக்கும் ஒண்ணு குடு" என்பார்கள். கேட்டுக்கொண்டே வேலை செய்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் பள்ளியை விட்டு நூற்பாலைக்குப் போனேன், நீ மடத்தில் பாட்டுப் பாடக் கற்றுக்கொண்டாய். அந்த மனிதரைத்தான் நெருப்பில் போட வேண்டும் என்கிறார்களா உன் ஆட்கள்? அவர்கள் சொல்லட்டும். நீ அதைக் கேட்டுக்கொண்டு எனக்கு எழுதுகிறாயே!

பஞ்சுத் தூசி அவர் நெஞ்சை அடைத்திருக்கிறது. இரவெல்லாம் உட்கார்ந்தபடிதான் இருக்கிறார். தண்ணீர் ஊற்றுகிறேன், முகம் கழுவ. வேறு எதற்கும் ஊற்ற மாட்டேன்.

ஸுல்மா

*

19 பிப்ரவரி, இரவு

ஸுல்மா,

"நீ கொலைகாரி" என்று முதல் வரி எழுதி, அடித்துவிட்டேன். இப்போது மறுபடியும் எழுதுகிறேன். நீ கொலைகாரி. கத்தியால் குத்துகிறவன் உடம்பைத்தான் கொல்லுகிறான்.

அம்மா மோட்சத்தில் இருக்கிறாள். அப்பா அங்கே போகக்கூடாது, அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது என்பதற்காகத்தான் நீ சாமியாரின் தொப்பியை எடுத்துக் கொடுத்தாய். நீயும் அங்கே போக மாட்டாய். நான் மட்டும் அம்மாவோடு உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? மோட்சத்தில் இருக்கிறவர்களுக்குத் துக்கம் கிடையாது என்கிறார் சிஸ்டர். அப்படியானால் உங்களை மறந்துபோவேனா? அதை அவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

நேற்று விபூதிப் புதன். நெற்றிச் சாம்பலை இன்னும் கழுவவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மடத்துச் சாமியாரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"தன் தப்பு இல்லாம அறியாமயில இருக்கிறவர் ரட்சணியம் அடையலாம், மகளே" என்றார். "உங்கப்பா தெரியாம இருக்காரா, தெரிஞ்சு மறுத்தாரா?"

"தெரியல, சாமி."

"அதுதான் முக்கியம். அத விசாரி."

விசாரித்து எழுது. அவருக்கு யாரும் எதையும் சரியாகச் சொன்னதே இல்லை என்று அவர் சொன்னால் போதும். அதுவே எனக்குப் போதும். இல்லையென்றால் ஞானஸ்நானத்துக்கு ஆசைப்படுகிறேன் என்று ஒரு சொல். இந்த உதவியைக்கூட நீ செய்யாவிட்டால் நான் உன்னை அக்கா என்று கூப்பிட மாட்டேன். இந்தக் கடிதத்தில் எங்கும் கூப்பிடவில்லை, பார்.

லுட்கார்ட்

*

கென்ட், 2 மார்ச்

லுட்கார்ட்,

நீ பின்னிய சால்வையைத் துவைத்தேன். ஓரத்தில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு பச்சைத் துணித் துண்டு. அதில் மாதாவின் படம். நம்பாதவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டு, அவர்களுக்காக வேறு யாராவது ஜெபம் சொல்கிற உத்தரியம் அது என்று கீழ்வீட்டுக்காரி விளக்கினாள். என் சொந்தத் தங்கை திருடி மாதிரி என் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறாள்!

அதை அடுப்பில் போடப் போனேன். அப்பா, "வையி" என்றார்.

"இது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"வந்த அன்னைக்கே தெரியும். கழுத்துல குத்திச்சு. உங்கம்மாவும் என் கோட்டுல தச்சிருக்கா, நீ பொறக்கறதுக்கு முன்னாடி. அவ தையல் இதவிட நல்லாருக்கும்."

"அப்ப ஏம்ப்பா சும்மா இருந்தே?"

"புள்ள தூங்காம தச்சிருக்கும். மறுபடி தச்சு வையி. கொஞ்சம் கீழ தள்ளி, குத்தாம."

தைத்து வைத்தேன். என் கையால். எப்படிக் கொதித்திருப்பேன் என்று நினைத்துக்கொள்.

நீ கேட்ட கேள்வியையும் கேட்டேன். உனக்காக இல்லை, வயிற்றெரிச்சலில் கேட்டேன். "உன் செல்லப் பொண்ணு கேக்குறா. தெரிஞ்சு மறுத்தியா, தெரியாம மறுத்தியா?" என்றேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமலில் ரத்தம் வந்தது. அடங்கிய பிறகு, "தெரியாதுன்னு எழுது. பொய்யில்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். ஆசைப்படுகிறேன் என்று சொல்வாரா என்றும் கேட்டேன். "ஆசையில்லாம எப்படிச் சொல்றது?" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. நீ வளர்த்த பூனை செத்தபோது ஓடிப்போய்விட்டது என்று சொல்லச் சொன்னேன், அதைக்கூட அவர் சொல்லவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும்.

உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். நான் மடத்துத் தாயாருக்கு எழுதியதற்குப் பதிலே இல்லை. அதனால் அப்பாவே எழுதினார், தயவுசெய்து என்று இரண்டு இடத்தில் போட்டு. எந்த முதலாளிக்கும் அவர் அப்படி எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அனுப்புகிறார்களாம். வந்து பார்த்துவிட்டுப் போ. ஜெபப் புத்தகத்தை மடத்திலேயே வைத்துவிட்டு வா.

ஸுல்மா

*

கென்ட், 20 மார்ச்

லுட்கார்ட்,

அப்பா செவ்வாய்க்கிழமை விடியும்போது போய்விட்டார். தந்தி வந்திருக்கும். நேற்று நகராட்சிக் கல்லறையில் புதைத்தோம். சங்கத்துக் கொடி வந்தது, ஆலையில் அவரோடு நின்றவர்கள் வந்தார்கள். சாமியார் இல்லாத அடக்கத்துக்கு மாணவியை அனுப்ப முடியாது என்று உன் மடத்துத் தாயார் எழுதியிருந்தார். அனுப்பியிருந்தாலும் உன்னை உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

ஏன் என்று உனக்கே தெரியும். நீ வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரொட்டி வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது நீ ஜன்னலோரம் சுவரைப் பார்த்தபடி நின்றாய். நீ ரயிலுக்குப் போன பிறகு தலையணையை மாற்றினேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தலைப்பக்கம். "என்னப்பா இது?" என்றேன். "கஞ்சி கொட்டிடுச்சு" என்றார். கஞ்சிக் கிண்ணம் அடுப்பு மேல் நிறைந்தபடி இருந்தது. தலையணையில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. சாகிற நேரத்தில் அவரைப் பொய்யராக்கிவிட்டாய்.

தூங்குகிற மனிதரின் தலையில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறாய். எழுந்து தடுக்க முடியாதவர் என்று தெரிந்தே. அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதை ஒரு கோப்பைத் தண்ணீரால் அழிக்கலாம் என்று நினைத்தாய். ஜெயித்துவிட்டாய், சந்தோஷமாக இரு. எனக்கு எழுதாதே.

ஸுல்மா

*

23 மார்ச், இரவு

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஊற்றவில்லை.

ஊற்றத்தான் வந்தேன். நீ படியிறங்கும் சத்தம் நின்றதும் கோப்பையில் குழாய்த் தண்ணீர் பிடித்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் போய்க் கையைத் தூக்கினேன்.

"சில்லுன்னு இருக்குமா, குட்டி?" என்றார். கண்ணைத் திறக்காமலே.

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தூங்குறவன் தலையில ஊத்தக் கூடாது. நான் முழிச்சுதான் இருக்கேன். கேட்டுட்டு ஊத்து."

அதனால் கேட்டேன். "ஞானஸ்நானம் வேணுமாப்பா?" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "உனக்காக ஆமான்னு சொல்லட்டுமா, இல்ல நெசத்தச் சொல்லட்டுமா?" என்றார்.

உனக்காக என்பதே போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யாக ஆமாம் என்றால் அது செல்லாது, பெரிய பாவமும்கூட. அதனால், "நெசம்" என்றேன்.

"அப்ப வேண்டாம், குட்டி."

கோப்பை சாய்ந்து தண்ணீர் முழுக்கத் தலையணையில் கொட்டிவிட்டது. ஞானஸ்நான வார்த்தை ஒன்றும் நான் சொல்லவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "அக்காகிட்ட சொல்லாத. அவ ஜெயிச்சிட்டேன்னு ஆடுவா. கஞ்சின்னு சொல்லிக்கலாம்" என்று சிரித்தார். அப்போது நீ வந்துவிட்டாய்.

அக்கா, நான் என்ன செய்துவிட்டேன் என்று உனக்குப் புரிகிறதா? அதுவரைக்கும் அவரை யாரும் நேருக்கு நேர் கேட்டதில்லை. பங்குச் சாமியாரிடம்கூட அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை, கஞ்சி குடிக்கிறீர்களா என்றுதான் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று உன்னிடம் சொன்னார். தெரியாதவருக்குக் கதவு திறந்திருக்கிறது. நான் போய்த் தெளிவாகக் கேட்டேன். அவர் தெளிவாக வேண்டாம் என்றார். தெரியாதவராக இருந்தவரைத் தெரிந்து மறுத்தவராக நான்தான் ஆக்கினேன். கேட்காமல் இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். உன்னைக் கொலைகாரி என்று எழுதினேனே, அது நான்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் மடத்துச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்மா கேட்டே?" என்றார். அவர்தான் விசாரிக்கச் சொன்னார்! பிறகு, "திருச்சபை யார் பேரையும் சொல்லி இவர் நரகத்துல இருக்கார்னு தீர்ப்பு சொன்னதில்ல. யூதாசைப் பத்திக்கூட" என்றார். ஆனால் கம்பிச் சட்டத்துக்குப் பின்னால் அவர் கைக்குட்டையைத் தேடுவது தெரிந்தது.

நான் தூங்குவதில்லை. கண்ணை மூடினால் அவர் "சில்லுன்னு இருக்குமா" என்று கேட்கிறார். அங்கே அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று வேதாகமத்தில் இருக்கிறது.

லுட்கார்ட்

*

கென்ட், 28 மார்ச்

லுட்கார்ட்,

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சாமியாரை அனுப்பியதற்கு, துணிக்குள் ஒளித்துத் தைத்ததற்கு, கோப்பையை எடுத்ததற்கு. அதையெல்லாம் மறக்க மாட்டேன்.

ஆனால் நீ ஊற்றினாய் என்று எழுதியது தப்பு. அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான், இன்னொரு முறை சொல்ல மாட்டேன்.

கேட்டதுதான் பாவம் என்கிறாய். நீ வந்த அன்று செய்த ஒரே ஒழுங்கான காரியம் அது. எல்லோரும் அந்த மனிதரைப் பற்றி அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தோம், நானும் சேர்த்துத்தான். நீ அவரிடமே கேட்டாய். அவர் உண்மையைச் சொன்னார். அப்புறம் உன்னைக் காப்பாற்ற என்னிடம் பொய் சொன்னார். வாழ்நாளெல்லாம் சொல்லாத பொய்யை உனக்காகச் செலவழித்தார். அவரை நெருப்பில் போடத் துணிகிறவன் யாரோ, அவன் முகத்தை எனக்குக் காட்டு. என் வாயிலிருந்து நாலு வார்த்தை அவனும் கேட்கட்டும்.

கடைசி வாரத்தில் அவர் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னார். கஞ்சி வேண்டாம், டாக்டர் வேண்டாம், ஜன்னல் திறக்க வேண்டாம். "லுட்கார்ட்டுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றபோது மட்டும், "ம்" என்றார். அதற்குள் நேரம் போய்விட்டது.

இன்னொன்று. பெட்டியில் வைக்கும்போது சால்வை அவர் தோளில் இருந்தது. சங்கத்துத் தோழர்கள் வருவதற்குள் அந்தப் பச்சைத் துணியைப் பிரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். பிரிக்கவில்லை. அப்படியே மூடச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்காதே. உன் சிஸ்டரிடமும் கேட்காதே.

ஈஸ்டருக்கு வருவாய் அல்லவா? அப்பா கட்டிலில் நீ படு. என்னால் முடியவில்லை.

ஸுல்மா

*

31 மார்ச், இரவு

அக்கா,

வியாழக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். இப்போதே மூட்டை கட்டியாகிவிட்டது, ஏனென்றால் இன்று நான் செய்ததற்காக என்னை எல்லோரிடமிருந்தும் தள்ளி மருந்தறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். இதைப் பவுலா ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்வாள். மெழுகுவர்த்தியில் இனி விரல்நகம் அளவுதான் இருக்கிறது. சீக்கிரம் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசு காலத்தில் ராத்திரி ஜெபத்தின்போது வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளைகள் எழுந்து அவர்கள் பேரைச் சத்தமாகச் சொல்வார்கள். பேர் காதில் விழுந்ததும் கோயில் முழுக்க ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். சிஸ்டர் அமல்பெர்கா முன்பே என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பாவுக்காக நீ மனசுக்குள்ள வேண்டிக்கலாம். சத்தமா வேண்டாம். ஞானஸ்நானம் வேண்டாம்னவருக்காகச் சபையில சொல்ற ஜெபம் இல்ல அது. மத்தப் பிள்ளைங்க குழம்பிடும்" என்று சொல்லியிருந்தார். "சரி, சிஸ்டர்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

இன்று மார்த் தன் சித்தப்பா பேரைச் சொன்னாள். பதில் சொன்னோம். இன்னொருத்தி செத்துப் பிறந்த தம்பியின் பேரைச் சொன்னாள். பதில் சொன்னோம். அதன் பிறகு கொஞ்சம் மௌனம் வரும். சிஸ்டர் அடுத்த ஜெபத்தை ஆரம்பிக்க மூச்சை இழுப்பார். அந்த இடைவெளியில் நான் எழுந்து நிற்கிறேன் என்பது நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்பா என்னிடம் கேட்டது ஞாபகம் வந்தது, நெசத்தைச் சொல்லட்டுமா என்று.

"ஒக்டாவ் வான் ஹெக்கே" என்றேன். "என் அப்பா."

யாருக்கும் யோசிக்க நேரமில்லை, அக்கா. தினம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள். மார்த், சின்ன வகுப்புப் பிள்ளைகள், பின்வரிசைப் பெரிய பெண்கள், வாத்தியப் பெட்டி பக்கத்தில் இருந்த கிழச் சிஸ்டர்கள், எல்லோரும் சேர்ந்து, கோயில் அதிர, "நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும், ஆண்டவரே" என்றார்கள். "முடிவில்லாத ஒளி அவர்மேல் பிரகாசிப்பதாக."

நான் சிஸ்டர் அமல்பெர்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் சொன்னார். கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார்.

லுட்கார்ட்